மெஷினுக்கு விரல் வலிக்காது

ஒரகடத்தில், மருந்தை முன்னாடியே நிரப்பி அனுப்பும் சிரிஞ்சுகள் செய்யும் கம்பெனியில் நான் இருந்தபோது, அந்த மேடம் டிசைன் பிரிவில் இன்ஜினியர். ஒடிசலான உடம்பு, முடக்குவாதத்தில் விரல் மூட்டுகள் மட்டும் வீங்கியிருக்கும். கம்பெனி பஸ்ஸில்கூட ஒரு காலி சிரிஞ்சை அழுத்திப் பார்த்தபடியே வருவார்.

முடக்குவாத நோயாளிகள் வீட்டில் தாங்களே போட்டுக்கொள்ளும் புது சிரிஞ்சுக்கு ஒப்புதல் தரும் கடைசிக் கூட்டம் ஒரு நாள் நடந்தது. மருந்தைத் தள்ளும் பிஸ்டன் முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று பாய்கிறது என்று அவர் மட்டும் எதிர்த்தார்.

"மெஷின் டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சேம்மா. இன்னும் என்ன?" என்றார் மேனேஜர்.

"மெஷினுக்கு விரல் வலிக்காது சார். எனக்கு வலிக்குது. போட்டுக்கப் போறவங்களுக்கும் வலிக்கும். பாதி மருந்துலயே கையை எடுத்துடுவாங்க."

"லேட் ஆனா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். வேலையை விட்டு அனுப்புனாலும் இதுக்கு சரின்னு சொல்ல மாட்டேன்."

வேலையை விட்டு அனுப்பவில்லை. பிஸ்டன் நுனியிலுள்ள ரப்பர் அடைப்பின் மேல்பூச்சை மாற்றி, விரல் பிடியை அகலமாக்கி, மறுபடி செய்தார்கள். பிஸ்டன் சீராக வழுக்கிக்கொண்டு போனது. அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு மட்டும் வரவில்லை.

"வருத்தமா இல்லையா மேடம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னா இப்ப? அடுத்த வாட்டியும் இதேதான் சொல்லுவேன்."

இப்போதும் கூட்டங்களில் எல்லோரும் தலையாட்டும்போது, என் தலை ஆடுவதற்குள் அவர் குரல் வந்துவிடுகிறது.