மல்லிப் பேணி

மாசி மாதம் பிறந்ததும் பலெர்மோவின் கடைகளில் வண்ணக் காகிதத் துண்டுகள் சின்னச் சின்னப் பைகளில் தொங்கத் தொடங்கிவிடும். கார்னிவல் நாட்களில் பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் எறிந்து விளையாடுவதற்கானவை. கொரியாந்தோலி என்று அவற்றுக்குப் பெயர். எனக்கு இப்போது நாற்பத்தைந்து வயதாகிறது. ஆனாலும் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வாய் வராது. விரலால் காட்டித்தான் வாங்குவேன். அதற்குக் காரணம் என் சித்தப்பா.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் இரண்டு அறை வீடு. சித்தப்பா எங்களுக்கு இரண்டு வருடம் முன்னரே வந்து ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஆகவே வீட்டில் இத்தாலியன் மொழிக்கு அவர்தான் அதிகாரி. தெரியாத சொல் என்று ஒன்று அவரிடம் கிடையாது. தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவார்.

வியாழக்கிழமை எல்லோரும் கொரியாந்தோலி கொண்டுவர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொன்னார். வழியெல்லாம் அந்தச் சொல்லை முணுமுணுத்தபடி வந்து சித்தப்பாவிடம் ஒப்படைத்தேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொத்தமல்லி என்றார். உணவகத்துக் குசினியில் போத்தலில் எழுதி ஒட்டியிருப்பதைத் தினமும் பார்க்கிறாராம்.

பள்ளிக்கூடத்துக்கு ஏன் கொத்தமல்லி என்று அம்மா சந்தேகப்பட்டார்.

“கார்னிவல் எண்டால் சாப்பாட்டுக் கடையும் போடுவினம்தானே, அண்ணி,” என்றார் சித்தப்பா.

அப்பாவும் அதை ஒத்துக்கொண்டார். எங்கள் ஊரில் கார்னிவல் என்றால் இராட்டினம், மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர், அதிர்ஷ்டச் சீட்டு, கடலை வண்டில் எல்லாம் சேர்ந்த ஒன்று. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொத்தமல்லி தேவைப்படுவதில் யாருக்கும் வியப்பில்லை. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த மல்லியில் பாதியை அம்மா மனமில்லாமல்தான் பையில் கட்டித் தந்தார்.

வியாழக்கிழமை வகுப்பில் எல்லோரும் காகிதப் பைகளை மேசையில் வைத்தார்கள். நான் மல்லிப் பையை வைத்தேன். முன்வாங்குப் பையன் ஒருவன் அதற்குள் மூக்கை விட்டுப் பார்த்துத் தும்மினான். பிறகு ஒரு பிடி அள்ளி எறிந்தான். ஆசிரியை சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, பிழை உன்னுடையது இல்லை, இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று விளக்கினார். விளக்கி என்ன பயன்? அன்று மாலைக்குள் என் பெயரே கொரியாந்தோலா, மல்லிக்காரி, என்று ஆகிவிட்டது. அதுவரை வகுப்பில் நான் இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் எல்லோரும் வேடம் போட்டு வியா மக்வேதா என்ற பெரிய கடைத்தெரு வழியாக ஊர்வலம் போவதாக இருந்தது. நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த சித்தப்பா, செய்த பிழைக்குப் பரிகாரமாக, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் எல்லோரையும் கீழ்வீட்டுக்கு அழைத்துப் போனார்.

கீழ்வீட்டில் இருந்தவரை நாங்கள் கப்பல்காரர் என்போம். டிரினிடாட் என்ற தீவைச் சேர்ந்தவர். கப்பலில் சமையற்காரராக வந்து, பலெர்மோவில் இறங்கி, திரும்ப ஏறாமல் விட்டவர். சித்தப்பா பாத்திரம் கழுவிய உணவகத்தில் அவர்தான் சமையல். கார்னிவலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று சித்தப்பா சொன்னார். சித்தப்பா சொன்னதால் நான் நம்பவில்லை.

அவருடைய சுவரில் பொரிக்கிற சட்டி போன்ற பெரிய இரும்புத் தாச்சி ஒன்று தொங்கியது. உட்புறம் முழுவதும் நெளிந்து பள்ளம் பள்ளமாக இருந்தது. “பாவம், நல்ல தாச்சி. எங்கையோ விழுந்து அடிபட்டுப் போச்சு,” என்று அம்மா என் காதில் சொன்னார். கப்பல்காரர் அதை இறக்கி மடியில் வைத்து, இரண்டு சின்னத் தடிகளால் தட்டினார். தாச்சி பாடியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் ஆங்கிலத்தில் கதைக்க, அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். அந்தத் தீவில் கரும்புத் தோட்டத்து முதலாளிகள் மாளிகைக்குள்ளே கார்னிவல் ஆடினார்களாம். அடிமைகள் விடுதலையானதும் அவர்கள் தெருவில் ஆடத் தொடங்கினார்கள். முதலாளிகளைப் போலவே உடுத்தி, முதலாளிகளைப் போலவே நடந்து காட்டினார்கள். மேளம் அடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மூங்கிலை நிலத்தில் இடித்தார்கள். பிறகு பிஸ்கட் தகரப் பேணியைத் தட்டினார்கள். கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயின் அடியை வெட்டிக் குழித்து இந்தத் தாச்சியைச் செய்தார்கள். அதை அடிப்பவர்களைப் பொலிஸ் துரத்தித் துரத்திப் பிடித்தது. கப்பல்காரரின் தமையனுடைய தாச்சியைப் பொலிஸ்காரர் ஒருவர் பறித்து, சப்பாத்துக் காலால் மிதித்துக் கழிவுநீர்க் கானுக்குள் எறிந்தாராம்.

பிறகு கப்பல்காரர் வாலிபனாக இருந்தபோது ஓர் ஆவணி மாதத்தில் தீவுக்குச் சுதந்திரம் வந்தது. ஆங்கிலேயரின் கொடி இறங்கி அவர்களுடைய கொடி ஏறியது. அடுத்து வந்த மாசியில் அவர்களுடைய முதல் சுதந்திரக் கார்னிவல். அவருடைய தாய் ஓர் ஆங்கில அதிகாரியின் வீட்டில் உடுப்புத் தோய்ப்பவர். அன்றைக்கு அவர் வீட்டுத் துரைசாணியைப் போலத் தொப்பி போட்டு, பின்பக்கத்தில் தலையணை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டு வாசலிலேயே ஆட்டி ஆட்டி நடந்தாராம். துரைசாணி மாடியில் நின்று கை தட்டினாராம். அது தான்தான் என்று அவருக்கு விளங்கவில்லை.

அம்மா அப்படிச் சிரித்து நான் இத்தாலியில் கண்டதில்லை. அம்மாவும் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியத் துரைசாணியின், வீட்டில்தான் துடைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா தொடர்ந்து மொழிபெயர்த்தார். “தமையன்ரை தாச்சியை மிதிச்ச அதே பொலிஸ்காரன், அந்த வருசம் நடுறோட்டிலை நிண்டு காருகளை மறிச்சு, இவைக்கு வழி விட்டவனாம்.”

அதோடு நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் எதையோ கேட்டார். கப்பல்காரர் தலையாட்டினார். அப்பா திரும்பவும் கேட்டார். அவர் திரும்பவும் தலையாட்டினார்.

“என்ன கேட்டனீங்கள்?” என்றார் அம்மா.

“மெய்யாய் வழி விட்டவனோ எண்டு.”

பிறகு என் வேடத்தைப் பற்றிய பேச்சு வந்தது. அம்மா மேலே ஓடிப்போய், சிஞ்ஞோரா கழித்துக் கொடுத்த பூத்தொப்பியையும் வெள்ளைக் கையுறைகளையும் கொண்டுவந்தார். சிஞ்ஞோரா எப்படி மேசை மேல் ஒற்றை விரலை இழுத்துத் தூசி பார்ப்பார், பார்த்துவிட்டு எப்படித் தலையை ஆட்டிப் பெருமூச்சு விடுவார் என்று நடித்துக் காட்டினார். எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. அதில் பேச வேண்டிய அவசியமே இல்லை.

மிச்சமிருந்த மல்லியை என்ன செய்வது என்று சித்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். கப்பல்காரர் அதை ஒரு பால்மாப் பேணியில் கொட்டி மூடிக் குலுக்கினார். சத்தம் போதவில்லை. நாலைந்து காய்ந்த கடலைகளையும் போட்டார். இப்போது அது ஒரு வாத்தியம்.

எல்லாம் சரிவந்த நேரத்தில் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். அப்பா வந்து பார்த்தால்தான் போவேன் என்றேன்.

அப்பாவிடம் அப்போது பெர்மெஸ்ஸோ இல்லை. இந்த நாட்டில் இருப்பதற்கான அந்தக் கடதாசி அம்மாவுக்கும் எனக்கும் கிடைத்துவிட்டது, அவருடையது மட்டும் எங்கோ நின்றுபோயிருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பெர்மெஸ்ஸோவை நான் பஸ் பயணச்சீட்டைப் போல ஒன்று என்று நினைத்திருந்தேன். இல்லாவிட்டால் நடந்து போகலாம். விடிந்ததும் அப்பா நகருக்கு வெளியே இருந்த சியாகுல்லித் தோட்டத்துக்கு மண்டரின் தோடம்பழம் பிடுங்கப் போவார். போகும்போதும் வரும்போதும் சந்து ஒழுங்கைகளுக்குள்ளால்தான். வியா மக்வேதாவில் எந்நேரமும் பொலிஸ் நிற்கும் என்பார். அவருக்குக் கடைத்தெரு பிடிக்காது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

“பிள்ளை, அப்பாவுக்கு வேலையல்லோ,” என்றார் அம்மா.

நான் பேணியை மேசையில் வைத்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார். அப்பா பேணியை எடுத்து மெல்லக் குலுக்கிப் பார்த்து, “வாறன்,” என்றார்.

செவ்வாய்க்கிழமை, பின்பக்கத்தில் கட்டிய தலையணையும் தொப்பியுமாக நான் வரிசையின் முன்னால் தள்ளப்பட்டேன். பேணி ஒன்றுதான் ஊர்வலத்தில் இருந்த வாத்தியம் என்பதால் ஆசிரியை அப்படிச் செய்துவிட்டார். முதல் சந்தி வரைக்கும் தலையைத் தூக்கவில்லை. பேணி மட்டும் சத்தம் போட்டது. வியா மக்வேதாவுக்குள் நுழையும் இடத்தில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டு நின்றார். எங்கள் வரிசை நின்றது.

அவருக்குப் பின்னால், பத்திரிகைக் கடையின் ஓரத்தில், கப்பல்காரரின் தோளை ஒட்டி அப்பா நின்றார். பத்தடி தூரம் இருக்கும். மண்டரின் தோட்டத்துச் சேறு அப்படியே காலில் இருந்தது.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று இன்றும் தெரியாது. நேரே போய் மோட்டார் சைக்கிளின் இருக்கையில் ஒற்றை விரலை நீளமாக இழுத்தேன். வெள்ளைக் கையுறை கறுத்தது. அதைப் பொலிஸ்காரரின் முகத்துக்கு நேரே நீட்டி, தலையை ஆட்டி, அம்மா விட்டது போலவே ஒரு பெருமூச்சு விட்டேன்.

தெரு முழுக்கச் சிரித்தது. பொலிஸ்காரர் கைலேஞ்சியை எடுத்து இருக்கையைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து தொப்பியில் கை வைத்து, மன்னிக்க வேண்டும் சிஞ்ஞோரா என்றார். மோட்டார் சைக்கிளை ஓரமாக்கி, இரண்டு கைகளையும் விரித்து, இருபக்கத்துக் கார்களையும் மறித்தார். நான் பேணியைக் குலுக்கிக்கொண்டு கடந்து போனேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா பத்திரிகைக் கடையின் ஓரத்தில் இல்லை. தெருவோரத்துக்கு வந்து, எல்லோரையும் போலக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிறகு என் பெயர் சிஞ்ஞோரா. அதை நான் பொறுத்துக்கொண்டேன். வீட்டில்தான் ஒரு தொந்தரவு. அன்று பின்னேரம் அம்மா பேணியைத் திறந்து, கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மல்லியைத் திரும்பப் போத்தலில் கொட்டிக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பக்கத்தில் இருத்தி, பொலிஸ்காரர் என்ன சொன்னவர் என்று கேட்டார். சொன்னேன்.

“உன்னட்டை மன்னிப்புக் கேட்டவனோ?”

“ஓம், அப்பா.”

“பிறகு வழி விட்டவனோ?”

“நீங்கள் பாத்தனீங்கள்தானே.”

“ஓம், பாத்தனான். நீ சொல்லன்.”

அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த கிழமை வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்னாலும் என்னைக் கூப்பிட்டு முதலிலிருந்து கேட்டார். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து, நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.