எறும்பு மொய்த்த கஷாயம்

காரமடைக்குக் கிழக்கே வாழ்க்கைப்பட்ட பழனியாத்தாளுக்குச் சாணி அள்ளுவதில் கூச்சமில்லை. மனுஷ அழுக்குத்தான் ஆகாது. பிறர் எச்சில் பட்ட சொம்பைக் கண்டாலே குமட்டும். அப்படிப்பட்டவளுக்கு விடிந்ததும் முதல் வேலை, புருஷன் சுப்பண்ணன் கொல்லையில் ஒன்றுக்குப் போன இடத்தில் மொய்க்கும் கட்டெறும்பைச் சாம்பல் தூவிக் கூட்டித் தள்ளுவது.

நீரிழிவு. இதே சீக்கில் அவனுடைய அண்ணனுக்குக் கோயமுத்தூரில் காலை எடுத்தார்கள். அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். இப்போது சுப்பண்ணன் குதிகாலிலும் புண். துணிக்கட்டை அவிழ்த்தால் அழுகல் வாடை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கழுவுவாள். அன்றைக்குச் சோறு இறங்காது.

வைத்தியர் பங்காரு ஆவாரையைச் சொன்னார். "பூவைக் காயவெச்சுக் கஷாயம் போட்டுக் குடு அம்மணி. தாகம் அடங்கும், புண்ணும் ஆறும். இனிப்பு மட்டும் நாக்குல படப்படாது."

மழை பொய்த்த காட்டிலும் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட மட்டுமே அவள் பறித்திருந்த பூ. இப்போது மடி மடியாய்ப் பறித்தாள். தை போய் மாசியும் போயிற்று. எறும்பு குறையவில்லை, புண் இன்னும் பெரிதாயிற்று.

ஒருநாள் அவன் குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுத்தாள். விரலில் சுருக்கென்றது. விளிம்பெல்லாம் அதே கட்டெறும்பு. அடியில் கரையாத வெல்லம்.

"ஏனுங்க, இதென்னுங்க?"

"கசக்குது புள்ள. ஒரு சில்லுதான் போட்டேன்."

"தினமுமா?"

"வெறுங்கசப்பைக் குடிக்க நானென்ன மாடா?"

"மாடு வெல்லத்தை மடியில ஒளிச்சு வெக்காதுங்க."

இடுப்பில் புடைத்திருந்த வேட்டி மடிப்பைப் பிடித்து இழுத்தாள். வேர்வையும் மூக்குப்பொடியும் ஒட்டிய கறுத்த கட்டி, பல் பட்ட தடத்தோடு விழுந்தது. அதைக் கையால் தொடாமல் காலால் தள்ளினாள்.

"இத்தனை நாளும் இதுக்கா நான் உங்க மூத்திரத்தைக் கூட்டினேன்? இந்தாங்க சீமாறு. உங்க எறும்பை நீங்களே கூட்டுங்க."

அவன் முனகிக்கொண்டே நொண்டிப் போனான். கொஞ்ச நேரத்தில் அலறல் கேட்டது. பழனியாத்தாள் ஓடிப் பார்த்தாள். மூத்திர ஈரத்தில் மொய்த்த எறும்பு வரிசை பிடித்து அவன் கால்கட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவன் சீமாற்றைக் கீழே போட்டிருந்தான்.

"அண்ணனுக்கும் இப்படித்தான் ஏறுச்சு, புள்ள."

அவள் அவனை உட்காரவைத்து, கட்டை அவிழ்த்து, எறும்பைத் தட்டி, புண்ணைக் கழுவினாள். அதன் பிறகு புதிதாய்க் கஷாயம் கொண்டுவந்து நீட்டினாள். முகத்தைக் கோணிக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். அவள் அந்த டம்ளரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, தேய்க்கச் சாம்பல் தேடிப் போனாள்.