கமலையை நிறுத்தியவன்

யுத்த காலத்தில் ஒரு படக் கம்பெனியில் புரொடக்‌ஷன் உதவியாளாகச் சேர்ந்தேன். பெயர்தான் பெரிது. டிபன் வாங்குவது, நாற்காலி தூக்குவது, திட்டு வாங்குவது, இவ்வளவுதான் உத்தியோகம். சேர்ந்த இரண்டாம் மாதம் கிராமத்துக் காட்சி ஒன்றுக்கு இடம் தேடினார்கள். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் இருக்கிறதென்று முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் சொன்னேன்.

கேமரா வைத்த இடத்தை ஒட்டிய கிணற்றில் என் அண்ணன் மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். உருளை கிறீச்சிட்டது. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை முறைத்தார். அந்தச் சத்தத்தை நிறுத்துவது என் வேலை.

அண்ணன் ராகி நட்டு அன்று மூன்றாம் நாள். நாற்று வேர்பிடிக்க உயிர்த்தண்ணீர் விட்டே ஆகவேண்டும். எனக்குத் தெரியாததில்லை, அந்த வயலில் வளர்ந்தவன்தானே. இருந்தும் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். அண்ணன் மாட்டை அவிழ்த்தார்.

"உம் பொழப்புக்கு எங்களால ஒரு கொறையும் வர வேண்டாம். முடிஞ்சதும் சொல்லு," என்றார்.

அன்று மேகம் மூடிப் படப்பிடிப்பு நின்றது. மழையும் பெய்யவில்லை. மறுநாள் கதாநாயகிக்குத் தலைவலி. கேமரா வண்டிக்கான தண்டவாளத்தை வாய்க்காலை மண்கொட்டி மூடி அதன்மேல் போட்டிருந்ததால் சாயங்காலங்களிலும் தண்ணீர் பாய்ச்ச வழியில்லை. தினமும் காலையில் போய், இன்றைக்கு முடிந்துவிடும் என்று அண்ணனிடம் கூசாமல் சொன்னேன். டைரக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. அண்ணி குடத்தில் மொண்டுவந்து பாத்தி பாத்தியாக ஊற்றினார். நான் டைரக்டருக்குக் குடை பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் காட்சி முடிந்தது. நாற்று முக்கால்வாசி கருகிவிட்டது. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

படம் தருமபுரி டெண்ட் கொட்டகைக்கு வந்தபோது அண்ணனையும் அண்ணியையும் நானே கூட்டிப்போனேன். செய்ததற்குப் பரிகாரம் என்று நினைப்பு. எங்கள் வயல் திரையில் வந்ததும் அண்ணி என் கையைத் தொட்டுக் காட்டினார். கதாநாயகி வரப்பில் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால், எங்கிருந்தோ, ஒரு கமலை கிறீச்சிட்டது. கிராமம் என்று தெரியட்டுமே என்று ஸ்டுடியோவில் பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள்.

அண்ணி கையை எடுத்துக்கொண்டார். அண்ணன் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"ஆரோ தண்ணி எறைக்கறாங்க," என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.