மகளுக்கு என்று சொல்லி வாங்கிய பெட்ஷீட்

என் கணவர் லாரி ஓட்டினார். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தீவனக் கிடங்கில் மக்காச்சோள மூட்டைகளை ஏற்றி முடித்து, லோடின் மேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து மல்லாந்து விழுந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பேச்சும் தெளிவாகத்தான் இருந்தது. தூக்க ஓடி வந்தவர்களிடம், "என்ற காலு எங்கீங்க கெடக்குது?" என்று கேட்டாராம். அவர்கள் அதை வந்து சொன்னபோது, பயத்தில் ஏதோ உளறியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று வராந்தாவில் நின்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒன்றும் தோன்றாமல் உள்ளே போனேன். அவரே, "தெரியும் அம்மிணி, நீ உக்காரு" என்றார்.

மோகனூரில் எங்களுடையது சிமென்ட் ஷீட் போட்ட வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன், அதை விட்டுவிட்டேன். முன்னறையில் கட்டிலைப் போட்டு, கதவைத் திறந்தால் தெரு தெரிகிற மாதிரி அவரைப் படுக்க வைத்தோம். பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லாரிக்காரர்கள், உறவுக்காரர்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள். வீட்டில் இருந்ததிலேயே அழகான பெட்ஷீட்டை எடுத்து விரித்தேன். ஊதாவில் பெரிய பெரிய பூக்கள், பளபளவென்று இருக்கும், கையை வைத்தால் வழுக்கும். எவ்வளவு புரட்டினாலும் சுருக்கம் விழாது. சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்ததால், இதைவிட நல்லது இருக்க முடியாது என்று நம்பினேன்.

சித்திரை வெயில். மின்விசிறி சூட்டையே கீழே தள்ளியது. உடம்பு துடைக்க அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்த ஒரு காலையில், இடுப்புக்குக் கீழே ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. தொட்டால் ஈரமாக இருந்தது. "வலிக்குதுங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸம்மா ஒருவர் இருந்தார். புண்ணைக் கழுவி மருந்து வைத்துவிட்டு, பெட்ஷீட்டின் ஓரத்தை இரண்டு விரலால் கசக்கினார்.

"இதுல நூலே இல்லீங்க டீச்சர். அத்தனையும் பாலியஸ்டர். வேர்வை எங்க போவும்? அவருக்கு அடியில அப்பிடியே நிக்கும். காட்டன் வாங்கிப் போடுங்க. நல்ல காட்டனா பாருங்க."

நல்ல காட்டன். அந்த இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரால் முடியாதது, நான் போகாத கோயில் இல்லை என்று ஆன பிறகும் நடக்காதது எதுவும் என் கையில் இல்லை. ஆனால் ஒரு நல்ல துணியைத் தேடிக் கொண்டுவருவது என் கையில் இருந்தது. என்னவோ அது கிடைத்துவிட்டால் மற்றதும் சரியாகிவிடும் என்பதுபோல ஒரு வெறி எனக்கு வந்துவிட்டது.

ஜேடர்பாளையத்திலிருந்து நாத்தனாரை வரவழைத்து அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நாமக்கல் போனேன். ஜவுளிக்கடையில் பெட்ஷீட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டார்கள். எல்லாவற்றிலும் 'சுத்தப் பருத்தி' என்று ஸ்டிக்கர். விற்பனைப் பெண், "தொட்டுப் பாருங்கக்கா, எவ்வளவு அடர்த்தியா இருக்குது" என்றாள். தொட்டேன். மொடமொடவென்று கனமாகவே இருந்தது. இரண்டு வாங்கி வந்து பக்கெட்டில் ஊறப்போட்டேன். தண்ணீர் பால்போல வெளுத்தது. அவ்வளவும் கஞ்சி. காயப்போட்டு எடுத்தபோது கொசுவலை மாதிரி ஆகிவிட்டிருந்தது. விரித்தால் அடியில் இருந்த மெத்தையின் கோடுகள் தெரிந்தன. இரண்டு நாளில் நடுவில் சுருண்டு கயிறாகி, அந்தச் சுருக்கம் அவர் தொடையில் வரிவரியாகப் பதிந்தது.

அடுத்து போனில் பார்த்து வரவழைத்தேன். படத்தில் இருந்த வெள்ளை வேறு, வந்த வெள்ளை வேறு. நாலு முறை துவைத்ததும் மேலெல்லாம் பிசிறு உருண்டு மணிமணியாக நின்றது. ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி, பிளாஸ்டிக் நாற்றம் வந்து உருகினால் கலப்பு என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். உருகியது. கறுப்பாக ஒரு துளி விரலில் ஒட்டிக்கொண்டது.

"எதுக்கு இப்பிடி அலையற?" என்றார் அவர். "எனக்குத்தான் ஒண்ணுந் தெரியறதில்லையே. சாக்க விரிச்சாலும் ஒண்ணுதான், பட்ட விரிச்சாலும் ஒண்ணுதான்."

"உங்களுக்குத் தெரியாதுங்க. தோலுக்குத் தெரியுதே."

அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரூர். வெளிநாட்டுக்குப் போகிற பெட்ஷீட்டுகள் அங்கேதான் தயாராகின்றன. மிஞ்சியதை விற்கிற கடைகள் உண்டு என்று யாரோ சொன்னார்கள். பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போனேன். ஒரு சந்துக்குள், ஷட்டர் பாதி இறக்கிய கடை. என் வயசில் ஓர் அம்மாள் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் எதையும் கேட்காமல் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பதையும், கொண்டுபோயிருந்த பாட்டிலிலிருந்து துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது உடனே உள்ளே இறங்குகிறதா என்று பார்ப்பதையும் கவனித்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய் ஒரு கட்டு எடுத்துவந்தார்.

சாயம் போடாத வெள்ளை. நெசவு நெருக்கம், ஆனால் கையில் கனமில்லை. பலமுறை துவைத்த வேட்டிபோல இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"இவ்வளவு பாத்துப் பாத்து வாங்கறீங்களே, விசேஷமுங்களா?" என்றார்.

புண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அந்த வார்த்தையை அந்த வெள்ளைத் துணியின் மேல் வைக்க முடியவில்லை.

"ஆமாங்க. மகளுக்குக் கல்யாணம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகுகிற மாதிரி அகலமானதாக இரண்டைப் பார்த்து எடுத்தார். தலையணை உறை தைத்துத் தருகிறேன் என்று அப்போதே மெஷினில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீடு எந்த ஊர், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார். கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். மாப்பிள்ளை ஆத்தூர்ப் பக்கம் என்றேன். பெண்ணுக்கு வேர்வை ஜாஸ்தி, உடம்பு சீக்கிரம் பொரிந்துவிடும், அதனால்தான் இவ்வளவு தேடுகிறேன் என்றேன். "நல்லா இருக்கட்டும் சாமி" என்று சொல்லிக் கட்டைக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு என்னவோ உண்மையிலேயே வீட்டில் ஒரு நல்ல காரியம் இருப்பதுபோல இருந்தது.

அலசிக் காயவைத்து, நாத்தனாரும் நானுமாக அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து விரித்தோம். அவர் கையை விரித்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். தோள்பட்டையை அசைத்துப் பார்த்தார். கண்ணை மூடினார்.

"நல்லாத்தான் இருக்குது. எங்க புடிச்ச?"

கரூர்க் கதையைச் சொன்னேன். மகள் கல்யாணம் என்று சொன்னதையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது. அவர் சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"மாப்பிள்ள என்ன பண்றாரு?"

"லாரிதான் ஓட்டறாருங்க."

"அய்யய்யோ, லாரிக்காரனுக்கா குடுத்த? என்னையக் கேக்க வேண்டாமா?"

"நல்ல பையன்னு சொன்னாங்க மாமா."

"குடிப்பானா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"லோடு மேல ஏறச் சொல்லாத" என்றார்.

அதைச் சொன்னபோதுகூட சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு உதடு கோணியது. முழங்கையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு அழுதார். பாதி உடம்பு மட்டும் குலுங்கியது. நாத்தனார் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தத் துணியைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். அவரைத் தடவ எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச காலம் புண் ஆறியது. உண்மையாகவே ஆறியது, ஓரங்களில் புதுத்தோல் வந்ததை நர்ஸம்மா காட்டினார். நான் தினமும் துவைத்து, வெயிலில் உலர்த்தி, உதறி, இழுத்து விரித்தேன். மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அயர்ன் பெட்டியால் ஈரத்தை எடுத்தேன். அக்கம்பக்கத்தில் என்னைப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக யார் வைத்துக்கொள்வார்கள் என்றார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அவர் இளைத்துக்கொண்டே போனார். சாப்பாடு இறங்கவில்லை. எலும்பு மேலே வந்துவிட்டது. குதிகாலில் ஒன்று, பிட்டத்தில் ஒன்று என்று வேறு இடங்களில் சிவக்க ஆரம்பித்தது. வெள்ளைத் துணி என்பதால் ஒவ்வொரு கசிவும் தெரிந்தது. முதலில் தண்ணீர் நிறம், அப்புறம் மஞ்சள். காலையில் அவரைப் புரட்டியதும் நான் முதலில் பார்த்தது துணியைத்தான். ஒருநாள் அதில் ஒரு வாடை இருந்தது. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் போன் பேசினார்.

"துணியில ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனுங்களா?" என்று அவர் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"துணியில என்னங்க இருக்குது டீச்சர். உள்ள எலும்பு வரைக்கும் போயிருச்சு. ஒரு எடத்துல இரத்தம் ஓடலீன்னா மேல எதப் போட்டாலும் நிக்காதுங்க. ஆம்புலன்ஸ் வருது."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. நான் செய்த தப்பு என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்ல துணியைத் தேடிப் போயிருப்பேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவரைப் பெட்ஷீட்டோடு தூக்கினார்கள். சேலத்தில் வார்டுக்குக் கொண்டுபோனதும் அதை உருவிப் பை ஒன்றில் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, ரெக்ஸின் போட்ட கட்டிலில் படுக்க வைத்தார்கள். "ஒரு துணி விரிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். அவசரத்தில் யார் காதிலும் விழவில்லை. காய்ச்சலில் அவருக்கு ஆள் தெரியவில்லை. என்னைப் பார்த்து, தார்ப்பாய் கட்டியாகிவிட்டதா என்று கேட்டார். கட்டியாச்சுங்க என்றேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்த அன்று நாத்தனார் வீட்டைக் கழுவிவிட்டாள். அவர் சட்டை, லுங்கி, தலையணை எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். பிறகு கொல்லைப்பக்கம் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை பெட்ஷீட்டுகளையும் எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரிப் பையிலிருந்ததை நான்தான் அன்று காலையில் துவைத்துப் போட்டிருந்தேன். எதற்குத் துவைத்தேன் என்று தெரியவில்லை.

"இது ஊட்டுல இருக்கக் கூடாதுங்க அண்ணி. ஆத்துல உட்டறலாம்."

அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். கூடப் பிறந்தவள். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

காவிரியில் அப்போது தண்ணீர் அதிகமில்லை. மணல்திட்டுகளுக்கு நடுவில் வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மற்ற துணிகள் நனைந்ததும் அடியில் போய்விட்டன. பெட்ஷீட்டில் ஒன்று கொஞ்ச தூரம் மிதந்துபோய், நாணல் புதரில் மாட்டிக்கொண்டு விரிந்து நின்றது. நாத்தனார் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். "உடு, போவுது" என்றேன். அது போகவில்லை. மறுபடி பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்த பிறகு, கொஞ்ச நாள் அது கண்ணில் படுகிற ஆற்றோர வழியை விட்டு ஊருக்குள் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.