அண்டாவுக்குள் டீசல்

அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூரில் நானும் என் தோழியும் இயற்பியல் ஆராய்ச்சி மாணவிகள். டீசலில் துளியூண்டு உலோகம் கலந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கிற லேசர் கருவி ஒன்றை சூட்கேஸுக்குள் அடங்குகிற மாதிரி செய்து வைத்திருந்தோம். அதை லேபுக்கு வெளியே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்க எங்களுக்குக் கை துறுதுறுத்தது.

திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையத்தில் தோழியின் தாய்மாமா பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவருடைய ஜெனரேட்டரில் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் மாற்ற மாற்ற அடைத்துக்கொண்டது. "பங்க்காரன் கலப்படம் பண்றான் கண்ணு" என்று போனில் புலம்பினார். மறுநாளே கிளம்பிவிட்டோம்.

பஸ்ஸில் சூட்கேஸை இருவர் மடியிலுமாக வைத்திருந்ததைப் பார்த்து, "கல்யாணத்துக்குங்களா?" என்றார் கண்டக்டர். "ஆமாங்க, பொண்ணு உள்ளதான் இருக்குது" என்றாள் தோழி. அவிநாசி வரை சிரித்துக்கொண்டே போனோம்.

கட்டிங் டேபிளில் கருவியை வைத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மாமாவுக்கும் ஆரஞ்சு நிற லேசர் கண்ணாடி மாட்டிவிட்டோம். ஸ்விட்சைப் போட்டதும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் நாலு இருமல் இருமி நின்றது. "சீக்காளியே டாக்டருக்குக் கரண்ட் குடுக்க வேண்டியிருக்குல்லா" என்றார் திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர் அக்கா ஒருவர். மெஷின் வரிசை முழுக்கச் சிரித்தது.

கரண்ட் வந்த பிறகு, ஜெனரேட்டர் டேங்க்கில் எடுத்த டீசலை வடிதாளில் ஒரு சொட்டு விட்டு லேசரை அடித்தோம். டக்கென்று ஒரு பொறி. எந்த உலோகம் இருக்கிறதோ அதன் நிறங்கள் அந்தப் பொறியின் வெளிச்சத்தில் வரும். லேப்டாப் திரையில் செம்பும் துத்தநாகமும் கொம்பு மாதிரி நின்றன. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "நாஞ் சொன்னனில்ல?"

பங்க்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கேன் டீசலையும் சோதித்தோம். அதில் ஒன்றுமே இல்லை.

"செம்பும் துத்தநாகமும் சேந்தா பித்தளைங்க மாமா" என்றாள் தோழி. "வாங்கிட்டு வந்து எதுல ஊத்தி வெக்கறீங்க?"

மாமா ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினார். ஆள் உட்காரலாம் போல ஒரு பித்தளை அண்டா, நிறைய டீசல். "துருப்பிடிக்காதேன்னுதான்" என்றார்.

டீ கொண்டுவந்த அத்தை அதைப் பார்த்து நின்றுவிட்டார். விளிம்பில் அவருடைய அப்பா பேர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீர்.

"ஏனுங்க, கோயில் அன்னதானத்துக்குக் குடுத்துட்டன்னு சொன்னீங்க?"

மாமா கழற்ற மறந்த கண்ணாடியோடு எங்களைப் பார்த்தார். நானும் தோழியும் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஓடினோம். வயிறு வலிக்கச் சிரித்ததில் எழுந்திருக்க முடியவில்லை.

டேங்க்கைக் கழுவி, பிளாஸ்டிக் பேரலுக்கு மாறியதும் ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடியது. அத்தைக்குப் புது அண்டா வந்தது, பழையதைவிடப் பெரிதாக.

லேபில் எங்கள் பேராசிரியர் வரைபடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, உலோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "சீர் வரிசையிலிருந்து சார்" என்றாள் தோழி. சிரித்த சிரிப்பில் அதற்கு மேல் எங்களால் அவருக்கு எதையும் விளக்க முடியவில்லை.