அனுப்பியதை அழிக்கும் பழக்கம்

11ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். குளியல், இடியப்பம், சொதி. 8.10க்குத் தன்னாமுனை அலுவலகம். வழமையான நாள்தான்... 10.25 வரை.

காணாமற்போனவர்களின் குடும்பத்தார் சொல்வதைக் குரலாகப் பதிந்து பாதுகாப்பது எங்கள் சிறிய அலுவலகத்தின் வேலை. பதிவுகளை மடிக்கணினியிலிருந்து கொழும்பு சேர்வருக்கு அனுப்புவது என் பொறுப்பு. அங்கே மாதத்துக்கு ஒரு கோப்புறை.

பல வருடங்களாக எஸ்சிபி என்ற கட்டளையைத்தான் பாவித்தேன். பாதுகாப்பானது, எளியது. ஆனால் இணைப்பு பாதியில் அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் எத்தனை தடவை அறுந்திருக்கும்?

அதனால் போன மாதத் தொடக்கத்தில் ஆர்சிங்க் என்ற கட்டளைக்கு மாறினேன். அதே பாதுகாப்பான வழி. விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யலாம். இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே எடுத்தேன். அதில் 'டிலீட்' என்றொரு சொல் இருந்தது. ஏதோ துப்புரவு வேலை என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு — அனுப்பி முடித்த பதிவுகளை வெள்ளிக்கிழமைகளில் மடிக்கணினியிலிருந்து அழித்துவிடுவோம். இடம் வேண்டுமே.

10.25க்குச் செட்டிபாளையத்திலிருந்து அழைப்பு. மூன்று வாரங்களுக்கு முன் இறந்துபோன ஒரு தாயின் மகள்.

"அம்மாட முப்பத்தோராம் நாள் வருது சேர். தம்பியப் பத்தி அம்மா உங்களிட்டக் கதைச்சது இரிக்குதானே? அவட குரல் எங்களிட்ட வேற ஒண்டும் இல்ல."

"ஓம் தங்கச்சி, அனுப்புறன்."

சேர்வரைத் திறந்தேன். அந்தத் தாயின் குரல் இருக்க வேண்டிய போன மாதக் கோப்புறையில் கடைசி வாரப் பதிவுகள் மட்டும் இருந்தன.

பக்கத்து மேசை றிஸ்வான், காத்தான்குடிக்காரர், கட்டளையை வாசித்தார்.

"டிலீட் போட்டா இங்க இல்லாதது அங்கயும் இல்லாமப் போயிரும் அண்ணன். கொப்பி இல்ல இது, கண்ணாடி."

"பதிஞ்ச ரெக்கோடர் கார்ட்ல இரிக்குமா?"

"அத அழிச்சிட்டு மறுகாவும் மூணு பேரப் பதிஞ்சாச்சி." திரையில் அந்தச் சொல்லைக் காட்டினார்: "சாப்பிட்ட நேரத்தையும் எழுதி வைக்கிற ஆள் நீங்க. அந்த ஒரு சொல்ல வாசிக்கல்லயே."

சேர்வர் பராமரிப்பாளரின் பதில் 3.15க்கு வந்தது. பழைய பிரதி இல்லை.

கோப்புகளை அனுப்ப எந்தக் கருவி நல்லது என்று இந்தப் பக்கத்தின் வாசகர்கள் சிலர் கேட்பதுண்டு. வேகத்தைப் பார்க்கிறோம். வழியில் யாரும் திருட முடியாமல் இருக்குமா என்று பார்க்கிறோம். நானும் பார்த்தேன். யாரும் திருடவில்லை... அழித்தது நான்.

புதன்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக மோட்டார் சைக்கிளை எடுத்துச் செட்டிபாளையம் போனேன். அந்தச் செய்தியை எந்தக் கட்டளையாலும் அனுப்பக் கூடாது.