பெரியாத்தா கேட்ட கல்யாணம்

பொன்னம்மை ஆச்சிக்கு ஆண்பிள்ளைகள் மேல் மிச்சமிருந்த மரியாதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போய்விட்டது. அதற்கு முன்பும் பெரிதாக இருந்ததில்லை.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கணவர் முத்துவீரப்பனோடு காசு மாற்றும் கடையில் காலம் தள்ளியவர். கணவர் வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவார். கள்ள நோட்டை விரலால் தடவி ஒதுக்குவது, சண்டைக்கு வருகிறவனை ஒரே பார்வையில் அடக்குவது எல்லாம் ஆச்சி. பிள்ளை இல்லை. தங்கை மகள் அர்ச்சனாவைச் சிறு வயதிலேயே அழைத்து வந்து, பினாங்கிலேயே படிக்கவைத்து வளர்த்தார். அந்த அர்ச்சனாவுக்குத்தான் அன்றைக்குக் காரைக்குடியில் கல்யாணம்.

பட்டுப்புடவையெல்லாம் அடுக்கி வைத்த பிறகு ஆச்சிக்கு விழித்திரை கிழிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் கண்ணுக்குள் வாயுவை ஏற்றி, அது கரைகிற வரைக்கும் விமானம் ஏறக்கூடாது, குப்புறவே கிடக்கவேண்டும் என்றுவிட்டார். இன்னொரு கண்ணை எப்போதோ சர்க்கரை தின்றுவிட்டது. ஆகவே இந்தக் கல்யாணம் ஆச்சிக்குக் காதால்தான். பாயான் பாருவில் இருந்த வீட்டு சோபாவில் குப்புறப் படுத்தபடி மேளம் கேட்கவேண்டும். திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, ஊதுகிற சங்கைக் கேட்கவேண்டும். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

நேரலை டிவியில் வந்தது. சத்தம் மெல்லிசுதான், ஆனால் தெளிவு.

"இது போதும்," என்றார் ஆச்சி.

முத்துவீரப்பனுக்குப் போதவில்லை. கரண்டில் தாமே ஓடுகிற பழைய ஸ்பீக்கர் பெட்டி இரண்டு மூலையில் சும்மா கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. புது டிவியில் அவற்றைச் செருக வட்டத் துளையே இல்லை. ஒலியை வெளிச்சமாக அனுப்புகிற ஒரு சதுர ஓட்டைதான் இருந்தது. முதலில் வெறும் வயரை வாங்கி வந்து ஏமாந்தார். டிஜிட்டலை அந்தப் பழைய ஸ்பீக்கருக்குப் புரியும்படி மாற்ற நடுவில் ஒரு குட்டிப் பெட்டி வேண்டும் என்று பக்கத்து வீட்டு தயாளன் சொன்னார். பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர் என்பதால் அவர் வாக்கு வேதவாக்கு. பெட்டி வந்து நாலு நாள் ஆகியும் தொடவில்லை. மாட்டுவதற்கு முகூர்த்த நேரம் பார்த்தார்கள், பாவிகள்.

"டிவி சவுண்டை ஆஃப் பண்ணி, வெளிய போற மாதிரி செட்டிங் மாத்திட்டேன் லா அண்ணே," என்றார் தயாளன். "இப்ப பாருங்க, மண்டபமே வீட்டுக்குள்ள வந்துரும்."

மண்டபம் வரவில்லை. இருந்த சத்தமும் போயிற்று.

"பழையபடியே வச்சுருங்க."

"எங்க மாத்துனேன்னு தேடணும் ஆச்சி. ஒரு நிமிஷம்."

"போனையாவது என் காதுல வைங்க."

"போன்லதான் எப்படி மாட்டுறதுன்னு வீடியோ பாக்குறேன்," என்றார் கணவர்.

"என் போனு?"

"அதுல தயாளன் டார்ச் அடிக்கிறாரு."

 ஆச்சியின் குனிந்த கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்ததெல்லாம் தரையில் அலைகிற நாலு பாதங்கள். அந்த வெடித்த குதிகால்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஒரு பொட்டு வேலை உருப்படியாகச் செய்யத் தெரியாத கால்கள்.

"பொன்னம்மை, திருப்பூட்டுறாங்க! மாப்பிள்ளை குனியிறாரு! தயாளன், அந்த வயரை நல்லா அமுக்குங்க!"

ஆச்சி காதைத் தீட்டிக்கொண்டார். மின்விசிறி சத்தம் கேட்டது. தயாளன் மூச்சு வாங்குவது கேட்டது. அவ்வளவுதான், அதற்குள் காரைக்குடியில் எல்லாம் முடிந்துவிட்டது.

வெறுத்துப்போன தயாளன் வயரைப் பிடுங்கி சோபா ஓரம் போட்டார். ஆச்சியின் தொங்கிய கைக்கு அது தட்டுப்பட்டது. நுனியைத் தடவினார். ஏதோ வழுவழுப்பாக இருந்தது. நகத்தால் நெம்ப, ஒரு பிளாஸ்டிக் மூடி கழன்று வந்தது.

"இது எதுக்கு இருக்கு?"

 வயரில் தூசி போகாமல் இருக்கக் கடையில் போட்டு வைத்த மூடி. ஒரு பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, மறுபக்கத்தை மூடியோடு பெட்டிக்குள் திணித்து அமுக்கியிருக்கிறார்கள். வெளிச்சம் எப்படிப் போகும்?

தயாளன் மூடி கழன்ற நுனியை மாட்டினார். வீடு அதிர்ந்தது.

"ரசம்! இந்தப் பக்கம் ரசம் கொண்டு வாப்பா!"

"சீ!" என்றார் ஆச்சி.

கொஞ்ச நேரத்தில் முத்துவீரப்பன் போனில் அர்ச்சனா வந்தாள். "பெரியாத்தா, சங்கு கேட்டுச்சா?"

"ஜோரா கேட்டுச்சு ஆத்தா!" என்றார் முத்துவீரப்பன்.

ஆச்சி கையை நீட்டிப் போனைப் பறித்துக்கொண்டார். "பொய். ஒண்ணும் கேக்கலை. உங்க பெரியப்பச்சி தயாளனை விரட்டினதுதான் கேட்டுச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அழாதே. கழுத்திரு கழுத்துலதான இருக்கு?"

"இருக்கு பெரியாத்தா."

"போனுக்குக் கிட்ட வச்சுக் குலுக்கு."

அவள் குலுக்கினாள். கழுத்திருத் தாலியில் கோத்த தங்க உருக்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலவென்று ஒலித்தன. ஆச்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இன்னொரு தரம்."

முத்துவீரப்பன் பக்கத்தில் வந்து குனிந்தார். "இங்க கொடு பொன்னம்மை, ஸ்பீக்கர்ல போட்டா இன்னும் நல்லா..."

"கையை எடுங்க," என்றார் ஆச்சி.